ஸ்பூக்: மருண்டவன் கண்ணில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. கோஸ்ட், ஸ்பெக்டர், ஃபேன்டம், ஸ்பிரிட், ரெய்த் என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. கோஸ்ட் பழைய ஆங்கிலச் சொல். பரிசுத்த ஆவியையே அந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். ஸ்பெக்டரும் ஃபேன்டமும் பிரெஞ்சு வழியாக வந்த பெரிய இடத்துச் சொற்கள். ரெய்த் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. இவற்றுக்கு நடுவே, குலம் கோத்திரம் சொல்லிக்கொள்ள முடியாமல் வாசலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு சொல் உண்டு. அதுதான் ஸ்பூக்.

கனவில் தாத்தா வந்தார் என்று நெகிழ்ந்து சொல்லும் ஆங்கிலேயர் அந்தத் தாத்தாவை ஸ்பூக் என்று சொல்லமாட்டார். ஹாம்லெட்டின் தகப்பன் கோஸ்ட்தான். அவரை ஸ்பூக் என்றால் அரங்கமே சிரித்துவிடும். அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வெள்ளைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிறார்களே, அந்தப் பேய்க்கு உரிய பெயர் இது. பாதி பயம், பாதி விளையாட்டு. இந்த விளையாட்டுச் சொல்தான் உளவாளிக்குப் பட்டப்பெயரானது. கறுப்பின மக்கள்மேல் எறியப்படும் வசவும் ஆனது. குதிரை மிரள்வதையும் பங்குச்சந்தை சரிவதையும் சொல்ல வந்தது. கடைசியில் ஐன்ஸ்டைனின் இயற்பியலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அகராதியைப் புரட்டினால் இவை எல்லாம் எண் போட்ட தனித்தனிப் பொருள்களாக வரிசையில் நிற்கும். எனக்கு அவை தனித்தனியாகத் தெரியவில்லை. கோஸ்ட் என்பது செத்தவரைப் பற்றிய சொல். ஸ்பூக்குக்குச் சாவோடு பெரிய உறவு கிடையாது. அது கண்ணைப் பற்றிய சொல்: யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் கண்ணுக்கு யார் தெரியாமல் போகிறார்கள், எதைக் கண்டு யார் மிரள்கிறார்கள். இந்தச் சரட்டைப் பிடித்துக்கொண்டால் சிதறிக் கிடக்கும் பொருள்கள் பெரும்பாலும் ஒரே கோவையில் வந்துவிடுகின்றன.

*

சொல்லின் தாய்வீடு நெதர்லாந்து. டச்சு மொழியில் இதே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் ‘ஸ்போக்’ என்று ஒலிக்கும். ஜெர்மனில் ஷ்பூக். ஸ்வீடிஷ், நார்வேஜிய மொழிகளிலும் பங்காளிகள் உண்டு. டேனிஷ் மொழியில் இதன் உறவுச்சொல்லுக்குப் பொருள் ‘வேடிக்கைப் பேச்சு’ என்பது. பேயும் கேலியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அந்த மொழிக் குடும்பத்துக்கு ஆதியிலிருந்தே தெரிந்திருக்கிறது போலும்.

ஆங்கிலம் இதைப் பெற்றது லண்டனில் அல்ல, அமெரிக்காவில். இன்றைய நியூயார்க், 1664-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சுக் குடியேற்றமாக இருந்தது. கொடி இறங்கினாலும் மொழி இறங்கவில்லை. ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் டச்சு இன்னும் பல தலைமுறைக்கு வீட்டுமொழியாக நீடித்தது. அமெரிக்காவின் எட்டாவது குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் 1782-ல் அந்தப் பகுதியில்தான் பிறந்தார். டச்சு பேசி வளர்ந்து, பிறகுதான் ஆங்கிலம் கற்றார். பாஸ், குக்கி, கோல்ஸ்லா, சாண்டா கிளாஸ் எல்லாம் அந்த வீடுகளின் சமையலறையிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்தவை. ஸ்பூக்கும் அந்தக் கூட்டத்தோடு வந்தது என்பதே பெரும்பாலான அகராதிகளின் முடிவு. வாஷிங்டன் இர்விங் 1820-ல் எழுதிய ஸ்லீப்பி ஹாலோ கதையில் தலையில்லாக் குதிரைக்காரன் திரிவதும் இந்த டச்சுக் கிராமங்களுக்கு நடுவில்தான்.

அச்சில் இச்சொல் கண்ணில் படும் மிகப் பழைய இடம் 1801-ம் ஆண்டு. ஜெர்மன்காரரின் ஆங்கில உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் ஒரு வேடிக்கைப் பாட்டில் வருகிறது. அதனால் பென்சில்வேனியாவின் ஜெர்மன் குடியேறிகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டு வெளியான பத்திரிகையின் பெயர் மாசசூசெட்ஸ் ஸ்பை. ஸ்பை என்றால் உளவாளி. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இந்தச் சொல்லுக்கு என்ன வேலை கிடைக்கப்போகிறது என்று அந்த அச்சுக்கோப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நமக்கும் டச்சுக்காரர்கள் அந்நியரல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். துட்டு அவர்கள் விட்டுப்போனது. கக்கூசும் அவர்கள் தந்ததுதான். இலங்கைத் தமிழில் அலுவலகம் இன்றும் கந்தோர். பேயை மட்டும் நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. கைவசம் ஏற்கெனவே போதுமான சரக்கு இருந்தது.

*

19-ம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவுக்கு ஆவிப் பித்து பிடித்தது. நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் கிராமத்தில் 1848-ல் ஃபாக்ஸ் சகோதரிகள் சுவரில் தட்டுகிற ஓசையை வைத்து ஆவியோடு பேசுவதாகச் சொல்ல, வரவேற்பறைதோறும் மேசையைச் சுற்றி உட்காரும் வழக்கம் பரவியது. நம்பியவர்கள் ஸ்பிரிட் என்றார்கள். நம்பாதவர்களுக்கு அதைக் கிண்டல் செய்ய ஒரு சொல் தேவைப்பட்டது. ஸ்பூக் கைக்கு எட்டியது. 1854 வாக்கில் ‘ஸ்பூக்கி’ என்ற பெயரடையும் பிறந்துவிட்டது.

அந்தக் கிண்டலின் உச்சம் முதல் உலகப்போரில் நடந்தது. 1916 ஏப்ரலில் மெசபடோமியாவின் கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஈ. எச். ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரரும் ஒருவர். போருக்கு முன் பர்மாவில் அரசு அதிகாரியாக இருந்தவர். அனடோலியாவின் யோஸ்காட் முகாமில் பொழுது போகாமல் கிடந்தபோது, ஊரிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டை அவருக்கு ஆவிப்பலகை விளையாட்டை நினைவூட்டியது. எழுத்துகளை வட்டமாக வைத்துக் கண்ணாடித் தம்ளரை நகர்த்தும் அதே விளையாட்டு. ஜோன்ஸ் எழுத்துகளின் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு தானே தம்ளரை நகர்த்தினார். சக கைதிகள் நம்பினார்கள். பிறகு முகாமின் மொழிபெயர்ப்பாளர் நம்பினார். அவர் வழியாக முகாம் தலைவரே நம்பினார். பேசிய ‘ஆவி’க்கு ஜோன்ஸ் வைத்திருந்த பெயர் ஸ்பூக்.

சி. டபிள்யூ. ஹில் என்ற ஆஸ்திரேலிய விமானியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஜோன்ஸ் அடுத்த ஓராண்டுக்கும் மேலாக நடத்திய நாடகம் கற்பனைக்கு எட்டாதது. புதையல் இருக்கிறது என்று ஸ்பூக் சொல்ல, முகாம் தலைவர் மலையில் தோண்டப் போனார். அவர் தோண்டுவதை இவர்கள் ஒளித்து வைத்திருந்த கேமராவில் படம்பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று கான்ஸ்டான்டினோபிள் மருத்துவர்களை நம்பவைத்து, கடைசியில் நாடு திரும்பும் அனுமதியும் பெற்றார்கள். பட்ட பாட்டுக்குக் கிடைத்த லாபம் என்னவோ சிறிதுதான். மற்றக் கைதிகளைவிடக் கொஞ்சம் முன்னதாக வீடு சேர்ந்தார்கள், அவ்வளவே. ஜோன்ஸ் எழுதிய ‘தி ரோட் டு எண்டோர்’ இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எனக்கு இதில் பிடித்தது ஒன்று: கம்பிக்குள் இருப்பவன் காவல்காரனைப் பார்க்கிறான், காவல்காரனோ இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேய் உளவுத்தொழிலுக்குப் போனது இங்கேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒத்திகை முடிந்துவிட்டது.

*

வினைச்சொல்லின் கதை எளிது. முதலில் ‘பேய்போல் திரிவது’, பிறகு ‘பேயாகப் பிடித்து ஆட்டுவது’, 20-ம் நூற்றாண்டில் ‘மிரளச் செய்வது’. அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணைகளில் இது அன்றாடச் சொல். காற்றில் பறக்கும் ஒரு காகிதத்தைக் கண்டு குதிரை திமிறினால் அது ஸ்பூக் ஆகிவிட்டது என்பார்கள். அங்கிருந்து செய்தித்தாளின் வணிகப் பக்கத்துக்கு வந்து, வட்டிவிகிதம் பற்றி மத்திய வங்கி ஒரு வார்த்தை சொன்னால் முதலீட்டாளர்கள் ஸ்பூக் ஆகிறார்கள். தமிழில் இந்த இடத்துக்கு ‘மிரளுதல்’ அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். மாடும் மிரளும், சந்தையும் மிரளும். ‘பயந்தது’ என்று எழுதினால் பாதிதான் வரும். பயத்துக்குக் காரணம் இருக்கலாம்; மிரட்சிக்குக் காரணம் வெளியே இருப்பதில்லை, மிரண்டவன் கண்ணில் இருக்கிறது.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். மருட்சி, கண், இருட்டு, பேய் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற இந்தப் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள். இந்தச் சொல்லின் மிகக் கசப்பான பொருளுக்கும் அதுவே சாவி.

அதற்கு முன் உளவாளி. இந்தப் பொருள் 1942-ல் பதிவாகிறது. அமெரிக்காவின் முதல் மையப்படுத்தப்பட்ட உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் உருவானதும் அதே ஆண்டில்தான். அதன் வாரிசாக 1947-ல் சிஐஏ வந்தபின் ஸ்பூக் என்பது வாஷிங்டன் பத்திரிகையாளர்களின் வாய்மொழியில் நிலைத்துவிட்டது. காரணம் தேடி அலையவேண்டியதில்லை. வந்தது தெரியாது, போனது தெரியாது, பெயர் உண்மைப் பெயரல்ல. ஆனால் அறைக்குள் யாரோ இருப்பதுபோல் ஓர் உணர்வு. உளவாளிக்குப் பேயைவிடப் பொருத்தமான பெயர் எது? தொழிலில் இருப்பவர்களே இதை ஒரு செல்லப் பெயர்போல் ஏற்றுக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அவர்கள் தேர்ந்துகொண்ட சௌகரியம் அல்லவா?

இதே நிழலில் சில சின்னப் பொருள்களும் ஒதுங்கியிருக்கின்றன. சூதாட்ட விடுதியில் பிளாக்ஜாக் ஆடும்போது, சீட்டுப் பிரிப்பவரின் முதுகுப் பக்கமாக உட்கார்ந்து அவர் கவிழ்த்து வைத்த சீட்டை எட்டிப் பார்த்துக் கூட்டாளிக்குச் சைகை காட்டுபவனுக்கு ஸ்பூக் என்று பெயர். கணினி நிரலாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்ற மென்பொருளில் ஸ்பூக் என்றொரு கட்டளை உண்டு. அழுத்தினால் மின்னஞ்சலின் அடியில் வெடிகுண்டு, ரகசியம் என்கிற பாணியில் சந்தேகத்துக்கு இடமான சொற்களைச் சேர்த்துவிடும். ஒட்டுக்கேட்கும் அரசாங்கத்தாருக்கு வீண்வேலை கொடுக்கும் குறும்பு. போர்விமானக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. ஃபேன்டம் என்ற எஃப்-4 விமானத்தின் கேலிச்சித்திரச் சின்னம், அகலத் தொப்பி போட்ட ஸ்பூக். வியட்நாமில் இரவில் வட்டமிட்டுச் சுட்ட ஏசி-47 விமானங்களின் அழைப்புப் பெயர் ஸ்பூக்கி. கீழே இருந்தவர்களுக்கு அதில் விளையாட்டு எதுவும் இருந்திருக்காது.

*

இனி அந்தக் கசப்பான பொருளுக்கு வருகிறேன். கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் வசவாக ஸ்பூக் 1930-களின் கடைசியிலிருந்து பதிவாகியிருக்கிறது. ஏன் இந்தப் பொருள் வந்தது? கறுத்த தோல் இரவில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இருக்கலாம் என்று அகராதிகள் தயங்கித் தயங்கிச் சொல்கின்றன. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. தோலில் காரணம் தேடுவது, மிரண்டவனை விட்டுவிட்டு இருட்டை விசாரிப்பது.

அமெரிக்கத் தெற்கின் வரலாற்றில் பேய் வேடம் போட்டவர்கள் யார்? அடிமைகள் இரவில் நடமாடாமல் தடுக்க, காட்டுப்பாதையிலும் சுடுகாட்டோரத்திலும் பேய் இருக்கிறது என்று கதை கட்டியவர்கள் பண்ணை முதலாளிகள். வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தாங்களே போய் நின்றதும் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு டென்னசி மாநிலத்துப் புலாஸ்கியில் முளைத்த கூ க்ளக்ஸ் கிளான், போரில் செத்த தென்னகச் சிப்பாய்களின் ஆவிகள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டு இரவில் குதிரையேறி வந்தது. இந்த வாய்மொழி வரலாற்றை கிளாடிஸ்-மேரி ஃப்ரை என்ற கறுப்பின நாட்டாரியல் அறிஞர் 1975-ல் ஒரு நூலாகவே தொகுத்திருக்கிறார். பேயாக வந்தவன் வெள்ளைக்காரன். பேய் என்று பெயர் வாங்கியவன் கறுப்பன். பிறகு 1930-களின் ஹாலிவுட் பேய்ச் சிரிப்புப் படங்கள் வந்தன. அவற்றில் கண் பிதுங்க நடுங்கி ஓடும் வேலைக்காரன் வேடம் கறுப்பின நடிகருக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1940-ல் வந்த ‘தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்’ படத்தில் வில்லி பெஸ்ட்டுக்குக் கிடைத்ததும் அதுவே. வசவு பதிவாகும் காலமும் இந்தப் படங்களின் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இது என் ஊகம்தான். இரவில் தெரியாத தோல் என்பதைவிட இந்த ஊகத்துக்கு எலும்பு உண்டு.

வசவை வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அலபாமாவின் டஸ்கேகீயில் ஏறத்தாழ ஆயிரம் கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்றார்கள். வெள்ளை அதிகாரிகள் பலர் இவர்களால் விமானம் ஓட்டமுடியாது என்றே நம்பினார்கள். அந்த விமானிகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஸ்பூக்வாஃபே. ஜெர்மன் விமானப்படையின் பெயர் லுஃப்ட்வாஃபே. எதிரியின் பெயரிலிருந்து பாதி, சொந்த நாட்டான் வசவிலிருந்து பாதி. இதைவிடச் சுருக்கமாக ஒரு கசப்பைச் சிரிப்பாக மாற்ற முடியுமா?

ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ 1952-ல் வந்தது. பெயரில்லாத கதைசொல்லி தன்னைக் கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்று அறிமுகம் செய்துகொண்ட கையோடு, எட்கர் ஆலன் போவை ஆட்டிய ஸ்பூக் அல்ல நான் என்று மறுக்கிறான். தசையும் எலும்பும் உள்ளவன். மற்றவர்கள் பார்க்க மறுப்பதால்தான் தெரியாமல் போகிறான். பேய் என்ற பொருளையும் வசவையும் ஒரே சொல்லில் வைத்து எலிசன் ஆடுகிற ஆட்டம் இது. தமிழில் ‘பேய் அல்ல’ என்று போட்டால் ஒரு கால் ஒடிந்துவிடும்.

சாம் கிரீன்லீயின் நாவலில் மூன்று கால்கள். ‘தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்’ என்பது தலைப்பு. கதவோரம் உட்கார்ந்த ஸ்பூக். சிகாகோவில் பிறந்த கிரீன்லீ அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தகவல் துறையில் பணிபுரிந்தவர், பாக்தாதில் இருந்தவர். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் கைவிரித்துவிட, நாவல் 1969-ல் லண்டனில் வெளியானது. கறுப்பர் ஒருவர்கூட இல்லையே என்ற குற்றச்சாட்டைச் சமாளிக்க சிஐஏ டான் ஃபிரீமன் என்பவனை வேலைக்கு எடுக்கிறது. நகலெடுக்கும் பிரிவில் போட்டு, வருகிற விருந்தினர் கண்ணில் படும்படி காட்சிக்கு வைக்கிறது. அந்தக் காலத்து அலுவலகங்களில் கறுப்பர் ஒருவரை வேலைக்கு வைத்தால், எங்களிடமும் ஆள் உண்டு என்று காட்ட வாசல் பக்கத்து மேசையில் உட்கார வைப்பார்கள். தலைப்பின் கதவு அந்தக் கதவு. ஸ்பூக் கறுப்பன். ஸ்பூக் உளவாளியும்கூட. ஐந்து ஆண்டு அமைதியாக எல்லா வித்தையும் கற்றுக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்பும் ஃபிரீமன், தெருச்சண்டைக் கூட்டத்து இளைஞர்களுக்கு கெரில்லாப் பயிற்சி தருகிறான். யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத ஆளைவிட நல்ல உளவாளி கிடைப்பானா? ஐவன் டிக்சன் இதை 1973-ல் படமாக்கினார். ஹெர்பி ஹான்காக் இசை. சில வாரங்களிலேயே திரையரங்குகளிலிருந்து படம் காணாமல் போனது. 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

நம் வாசகர்களில் பலர் இந்த வசவைக் கேட்டிருக்கிறார்கள், கவனித்திருக்கமாட்டார்கள். ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் 1955-ம் ஆண்டு நடன விருந்து நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, காரிலிருந்து இறங்கும் கறுப்பின இசைக்கலைஞரைப் பார்த்து வில்லன் பிஃப்பின் அடியாள் ஒருவன் சொல்வது இந்தச் சொல்லைத்தான். அவர்கள் திருப்பிக் கொடுப்பதும் ஏழை வெள்ளையரை இழிக்கும் ஒரு வசவு. நான் முதல்முறை பார்த்தபோது, பேயே என்று திட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். தமிழில் அது திட்டே அல்ல, கொஞ்சல்.

பிலிப் ராத் 2000-ல் எழுதிய ‘தி ஹியூமன் ஸ்டெய்ன்’ நாவல் முழுவதும் இந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. கோல்மன் சில்க் ஒரு கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் நடத்தும் மூத்த பேராசிரியர். வகுப்பு தொடங்கி வாரங்கள் ஆகியும் இரண்டு மாணவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, ஸ்பூக்குகளா என்று கேட்டுவிடுகிறார். அவர் நினைத்தது பேய். அந்த இருவரும் கறுப்பினத்தவர் என்பது அவருக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்ததே இல்லையே. இனவெறிப் புகார், விசாரணை, வேலை போகிறது, மனைவி இறந்துபோகிறார். இதற்கெல்லாம் மேல், யூதராக ஊர் அறிந்த சில்க் உண்மையில் பிறப்பால் கறுப்பர். வெளுத்த நிறத்தை வைத்து வாழ்நாள் முழுவதும் மறைத்துவந்தவர். அவரே ஒரு ஸ்பூக், இரண்டு பொருளிலும்.

இது வெறும் கற்பனையல்ல. பிரின்ஸ்டனில் சமூகவியல் கற்பித்த மெல்வின் ட்யூமின், 1985-ல் வருகைப்பதிவு எடுக்கும்போது இதே கேள்வியைக் கேட்டு இதே சிக்கலில் மாட்டி, நீண்ட விசாரணைக்குப் பின் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். இனப் பாகுபாட்டை எதிர்த்து எழுதியே பெயர் பெற்றவர் அவர். நாவலின் மூலம் வேறொருவருடைய வாழ்க்கை என்று விக்கிப்பீடியாவில் எழுதியிருந்ததைத் திருத்தக் கேட்டார் ராத். நூலாசிரியர் சொல் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012-ல் ‘நியூ யார்க்கர்’ இதழின் தளத்தில் பகிரங்கக் கடிதம் எழுதி அந்தச் சான்றை அவரே உண்டாக்கவேண்டியிருந்தது. தான் எழுதிய கதைக்குத் தானே சாட்சியாக முடியாமல் நின்ற எழுத்தாளரையும் ஒருவகை ஸ்பூக் என்றே சொல்லவேண்டும்.

ராத்தின் நாவல் சில்க்கின் பக்கம் சாய்ந்து எழுதப்பட்டது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொன்னவரின் மனத்தில் இருந்த பொருள் மட்டுமே பொருள் என்று நாவல் வாதாடுகிறது. கேட்டவரின் காதில் விழுந்ததற்கும் அறுபது ஆண்டு வரலாறு இருந்தது. அந்த இரண்டு மாணவர்களுக்கும் கதையில் முகமே கிடையாது; கடைசிவரை அவர்கள் ஸ்பூக்குகளாகவே இருந்துவிடுகிறார்கள்.

*

ஐன்ஸ்டைன் வேறு திசையிலிருந்து வருகிறார். ஒன்றோடொன்று பின்னிய இரு துகள்களை எவ்வளவு தூரம் பிரித்தாலும், ஒன்றை அளந்தால் மற்றதன் நிலையும் அக்கணமே தீர்மானமாகிவிடுகிறது என்றது குவாண்டம் கொள்கை. 1947 மார்ச்சில் நண்பர் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் இதை ஷ்பூக்ஹாஃப்ட்டான தொலைவிளைவு என்றார். இயற்பியலில் அதற்கு இடமிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பார்னின் மகள் ஐரீன் மொழிபெயர்த்த கடிதத் தொகுப்பு 1971-ல் வந்தபோது அது ஸ்பூக்கி ஆனது. அங்கிருந்து உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. இந்தப் பின்னலைச் சோதனைகளால் மெய்ப்பித்ததற்காக ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பேய் இருந்தது என்று தீர்ப்பு. ஆனால் அதைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது என்பதும் அதே தீர்ப்பின் ஒரு பகுதி.

தமிழில் இதை ‘பயமூட்டும் தொலைவினை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஐன்ஸ்டைன் பயப்படவில்லை, கேலி செய்தார். ஜெர்மனில் ஷ்பூக் என்பதற்கு ‘இல்லாத ஒன்றின் கூத்து’ என்ற தொனி உண்டு. மாக்ஸ் ஸ்டிர்னர் 1844-ல் எழுதிய தத்துவ நூலில் அரசு, மனிதகுலம் போன்ற பெருங்கருத்துகளையெல்லாம் மூளையில் குடியேறிய ஷ்பூக்குகள் என்று எள்ளியதும் அதே தொனியில்தான். ‘மாயாவித்தனமான’ என்றாலும் சரி, ‘பேய்க்கூத்தான’ என்றாலும் சரி, அந்த எள்ளல் வரவேண்டும்.

நம்முடைய பேய் போன வழி முற்றிலும் வேறு. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு என்று உண்ண உதவாத காட்டுவகைக்கு முன்னொட்டானது. பேய்மழை, பேய்த்தூக்கம் என்று அளவு மீறியதற்கு அடைமொழியானது. யாழ்ப்பாணத்தில் பேயன் என்றால் முட்டாள், பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. யோஸ்காட்டில் ஜோன்ஸ் செய்தது சொல்லுக்குச் சொல் அதுதான். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே பாட்டில் முத்திரையிட்டுக்கொண்டார். உலகம் முகம் சுளிக்கும் பெயரை எடுத்து அணிந்துகொள்வதில் டஸ்கேகீ விமானிகளுக்கு அவர் மூத்தவர். நாம் மட்டும் கண்ணில் களங்கமற்றவர்கள் என்று நினைத்துவிடவேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காத்து கருப்பு அடித்துவிட்டது என்கிறோம். நிறத்தின் பெயரே பேயின் பெயர். கருப்பசாமியைக் காவல் தெய்வமாகக் கும்பிட்டுவிட்டு, மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்கிறவர்கள்தானே நாம்.

மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரையோ சந்தையோ வந்தால் ‘மிரண்டது’ போடுங்கள். சிஐஏ வந்தால் ‘உளவாளி’ போதும். பிள்ளைகள் கதையில் ‘பேய்’ அழகாக உட்காரும். ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து இன்னொருவர் இந்தச் சொல்லை எறிகிற இடத்தில் பேய் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பூக் என்றே விட்டுவிட்டு, அடியில் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களே அட்லாண்டிக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சொல்லை அப்படியே எடுத்துப்போகவில்லை. பிரிட்டனின் உளவு அமைப்பான எம்ஐ5-ன் உளவாளிகளைப் பற்றி பிபிசி 2002 முதல் 2011 வரை ஒளிபரப்பிய தொடரின் பெயர் ‘ஸ்பூக்ஸ்’. அமெரிக்காவில் அது ‘எம்ஐ-5’ என்ற பெயரில்தான் ஓடியது.